ஒட்டடையை அடியுங்கள், வலையை ஒரு நிமிடம் பாருங்கள்: சிலந்திகளோடு குடியிருக்கப் புதியவர்களுக்கு

தோட்டமோ முற்றமோ உள்ள வீட்டுக்குப் புதிதாகக் குடிபோனவர்கள் முதல் மாதத்திலேயே கேட்பது: "இத்தனை எட்டுக்கால் பூச்சி எங்கிருந்துதான் வருது?" பெரும்பாலும் அவை எங்கிருந்தும் வருவதில்லை. உங்கள் சாமான்கள் வந்து இறங்குவதற்கு முன்பே அங்கே இருந்தவைதான். நீங்கள் இப்போதுதான் மூலை முடுக்கெல்லாம் பார்க்கிறீர்கள்.

நானும் ஒரு காலத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் துடைப்பத்தால் அடித்தவன்தான். ஒருநாள் வாசல்படியில் இருந்த ஒரு பழுப்புச் சிலந்தியை அடித்தேன். அடித்த இடத்திலிருந்து கடுகு சிதறினாற்போல் நாலா பக்கமும் ஏதோ ஓடியது. அது ஓநாய்ச் சிலந்தி. குஞ்சுகள் பொரிந்ததும் தாய் அவற்றை முதுகில் ஏற்றிச் சுமக்கும். ஒன்றை அடிக்கப் போய் நூறைக் கூடத்துக்குள் அவிழ்த்துவிட்டேன். அதற்கப்புறம்தான் யார் எவர் என்று பார்த்து நடந்துகொள்ளும் பழக்கம் வந்தது.

எதையும் தொடங்குவதற்கு முன் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒட்டடை வேறு, சிலந்தி வலை வேறு. சிலந்தி விட்டுவிட்டுப் போன பழைய வலையில் தூசி ஏறிக் கருத்துத் தொங்குவது ஒட்டடை. அதில் யாரும் இல்லை. எத்தனை முறை அடித்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. வலை என்பது ஆள் இருக்கும் வீடு. நூல் சுத்தமாக, சட்டென்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சந்தேகமாக இருந்தால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்து, மெல்ல ஊதிப் பாருங்கள். ஏதாவது அசைந்தால் ஆள் இருக்கிறது. ஒட்டடையைத் தயங்காமல் அடிப்பது, வலை என்றால் ஒரு நிமிடம் நின்று யோசிப்பது, இதுதான் என் வழக்கம். கீழே வருவதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் என்ன யோசிக்க வேண்டும் என்பதுதான்.

முதலில் ஒரு சுற்று சுற்றுங்கள்

சுத்தம் செய்யக் கம்பை எடுக்காதீர்கள். இருட்டியதும் ஒரு டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வாசல் விளக்கு, ஜன்னல் சட்டத்தின் மூலைகள், கதவுக்குப் பின்புறம், கழுவுதொட்டிக்கு அடியில், பரண், நாற்காலிகளின் அடிப்பக்கம், பூந்தொட்டிகளின் இடுக்கு, வெளியே மாட்டியிருக்கும் மின்மீட்டர் பெட்டி என்று எங்கெல்லாம் புது வலை இருக்கிறதோ மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த வேலை என்றால், வலை இருக்கும் இடம் உங்களுக்குப் பூச்சி நடமாட்டத்தைச் சொல்லிவிடும். இரை கிடைக்காத இடத்தில் சிலந்தி நெடுநாள் தங்காது. ஒரு ஜன்னலின் மூலையில் மட்டும் திரும்பத் திரும்ப வலை கட்டுகிறது, கீழே கொசுவின் சிறகும் ஈயின் காலும் உதிர்ந்து கிடக்கின்றன என்றால், அந்த ஜன்னலின் கம்பிவலையில் எங்கோ கிழிசல் இருக்கிறது. கழுவுதொட்டிக்கு அடியில் வலை கனமாக இருந்தால் அங்கே நீர் கசிகிறதா, கரப்பான் போகவர வழி இருக்கிறதா என்று பாருங்கள். வலையை மட்டும் அடித்துவிட்டுக் கிழிசலை விட்டால் அடுத்த வாரமும் அதே வேலைதான்.

சுற்று முடியும்போது புல்தரைப் பக்கம் ஒரு சின்ன வேடிக்கை. டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியோரமாகப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு அடி தூரத்துப் புல்லைப் பாருங்கள். பச்சையும் நீலமுமாகச் சின்னச் சின்ன பொட்டுகள் மின்னும். பனித்துளி என்று நினைப்பீர்கள். ஒன்றின் மேல் வெளிச்சத்தை எடுக்காமல் மெல்ல நடந்து கிட்டே போனால் பொட்டுக்குப் பின்னால் ஓநாய்ச் சிலந்தி நிற்கும். பூனைக் கண்ணைப் போல அதன் கண்ணுக்குள்ளும் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு. டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் வந்த வழியே திரும்புவதால் கண்ணும் டார்ச்சும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உலகத்தில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கும் மேல். அத்தனையும் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்குள் அடிக்கடி எதிர்ப்படும் நாலைந்து வகையைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

கூரை மூலையில் மயிரிழை போன்ற நீண்ட கால்களோடு தலைகீழாகத் தொங்குவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். தொட்டால் வலையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆட ஆரம்பிக்கும், ஒரு கணம் உருவமே மங்கிப்போகும். தாய்ச் சிலந்தி முட்டைகளை ஒரு சின்ன மூட்டையாக வாயில் கவ்விக்கொண்டிருக்கும். உலகத்திலேயே கொடிய விஷம் இதற்குத்தான், பல் குட்டை என்பதால் நாம் தப்பித்தோம் என்று ஒரு கதை சுற்றுகிறது. கதைதான். மனிதர்களுக்கு இதனால் ஆபத்து இல்லை. தன்னைவிடப் பெரிய சிலந்திகளைக்கூடப் பிடித்துத் தின்னும். ஆனால் வீட்டில் ஒட்டடை மண்டுவதற்கு முக்கியக் காரணமும் இதுவே. பழைய வலையை எடுக்காமல் மேலே மேலே கட்டிக்கொண்டே போகும், சோம்பேறி.

ஜன்னல் கண்ணாடியில், மேசையில், கணினித் திரையில் துள்ளித் துள்ளிப் போகும் குட்டைக்கால்காரர் தாவும் சிலந்தி. இரை பிடிக்க வலை கட்டாது. முன்பக்கம் இரண்டு பெரிய கண்கள் காரின் விளக்கைப் போல இருக்கும். நீங்கள் பக்கத்தில் போனால் மற்றவை ஓடும். இது நின்று திரும்பி உங்களைப் பார்க்கும். சிலந்தியிடம் பயம் உள்ளவர்கள் இதிலிருந்து பழக ஆரம்பிப்பது நல்லது. தாவுவதற்கு அது தசையை மட்டும் நம்பியில்லை. உடம்புக்குள் இருக்கும் திரவத்தைக் கால்களுக்குள் அழுத்தத்தோடு தள்ளித்தான் கால்களை நீட்டுகிறது. செத்த சிலந்தியின் கால்கள் ஏன் உள்பக்கமாகச் சுருண்டிருக்கின்றன என்பதற்கும் இதுவே விடை. அழுத்தம் போய்விட்டது, மடக்கும் தசையை எதிர்க்க ஆள் இல்லை.

அடுத்து, இரவில் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக ஒட்டிக்கொண்டு எல்லோரையும் அலற வைப்பது. வெப்பமான நாடுகளில் வீட்டுக்குள் வரும் பெரிய வேட்டைச் சிலந்தி இது. காலோடு சேர்த்து அளந்தால் 7 முதல் 12 செ.மீ. இருக்கும். இதுவும் வலை கட்டாது. கரப்பானைத் துரத்திப் பிடிக்கும். தாய், நாணயம் போன்ற தட்டையான வெள்ளை முட்டைப் பையை வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டு திரியும். நெருக்கிப் பிடித்தால் கடிக்கும், வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. அது இருக்கிறது என்றால் கரப்பானும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவுதொட்டியிலோ குளியல் தொட்டியிலோ காலையில் ஒரு சிலந்தி ஏற முடியாமல் வழுக்கிக்கொண்டிருந்தால், அது சாக்கடைக் குழாய் வழியாக வந்ததில்லை. இரவில் உள்ளே விழுந்து மாட்டிக்கொண்டது. வலை கட்டும் வகைகள் பலவற்றுக்கு வழவழப்பான பரப்பில் ஒட்டிக்கொள்ளும் மயிர்கள் பாதத்தில் கிடையாது. ஒரு துணியின் நுனியை உள்ளே தொங்கவிடுங்கள், அதைப் பிடித்து ஏறிப் போய்விடும்.

இன்னொன்று. செத்த சிலந்தி என்று நீங்கள் நினைத்துப் பெருக்கித் தள்ளுவதில் பாதி, அது உரித்துப் போட்ட சட்டையாக இருக்கும். வளர வளரச் சட்டை உரிக்கும். இழந்த காலைக்கூட அடுத்தடுத்த உரிப்புகளில் முளைக்கவைத்துக்கொள்ளும்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை

ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் விஷம் உண்டு, ஆனால் அது பூச்சிக்கு ஏற்ற அளவில்தான். மனிதனை மருத்துவமனைக்கு அனுப்பக்கூடியவை மிகச் சில. விதவைச் சிலந்திக் குடும்பம் ஒன்று: பளபளப்பான கருப்பு உடம்பில் சிவப்புக் குறி உள்ளவையும், வெப்பநாடுகளில் பரவியிருக்கும் பழுப்பு நிறத்ததும் இதில் சேர்த்தி. பழுப்பு விதவையின் முட்டைப் பை முள்ளுருண்டை போலிருக்கும், அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்கக் கண்டங்களில் ரெக்லூஸ் வகை உண்டு. மற்ற சிலந்திகளுக்குப் பெரும்பாலும் எட்டுக் கண் என்றால் இதற்கு ஆறு. ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பக்கத்தில் புனல்வலைச் சிலந்தி. அதன் கடிக்கு 1981-இல் விஷமுறிவு மருந்து வந்தது. அதன்பிறகு அந்தக் கடியால் யாரும் இறந்ததாகப் பதிவில்லை. உங்கள் பகுதியில் இவற்றில் எது உண்டு என்று ஒருமுறை விசாரித்து, அதன் படத்தைப் பார்த்து வையுங்கள். அந்த ஒன்றிரண்டுக்கு மட்டும் கருணை காட்டாமல் ஆளை அழைத்து அப்புறப்படுத்தலாம்.

பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியவை இரண்டுதான். வெளியே கிடந்த செருப்பு, ஷூ, ஹெல்மெட், தோட்டக் கையுறை எதையும் தட்டி உதறாமல் போடாதீர்கள். விறகு, செங்கல், கவிழ்த்து வைத்த தொட்டி இவற்றைத் தூக்கும்போது அடியில் வெறுங்கையை நுழைக்காதீர்கள். கடி வாங்குகிறவர்களில் பலர் இப்படித் தெரியாமல் கைகால் வைத்து நசுக்கப் பார்த்தவர்கள்தான்.

ஒட்டடை அடிக்கும் நாள்

இதற்குக் கலை ஒன்றும் வேண்டாம், வரிசை வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். மின்விசிறியை நிறுத்தி, சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் இறக்கைப் பக்கம் போக வேண்டும். மூக்கை ஒரு துணியால் கட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடி போடாதவர்கள் அன்று ஒருநாள் ஏதாவது போட்டுக்கொள்ளலாம். நிமிர்ந்து பார்த்தபடியே அடிக்கிற வேலை, தூசியெல்லாம் கண்ணில்தான் விழும்.

கம்பின் நுனியில் காய்ந்த துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஈரத்துணி கூடாது. ஈரம் பட்டால் தூசியும் நூலும் சேர்ந்து சுண்ணாம்புச் சுவரில் கருப்புக் கோடாக இழுவிவிடும், அப்புறம் அதை எடுக்க வெள்ளையடிக்கத்தான் வேண்டும். வீசியடித்தால் ஒட்டடை நாலு பக்கமும் பறந்து மறுபடி ஒட்டும். கம்பை மூலையில் வைத்து ஒரே திசையில் உருட்டுங்கள், நூல் உருட்டுவதைப் போல எல்லாம் கம்பில் சுற்றிக்கொண்டு வரும். வலைக்கு நேர் கீழே சுவரில் கருப்பும் வெள்ளையுமாகத் தெளித்தாற்போல் இருப்பது சிலந்தியின் எச்சம். கழுவத்தக்க பெயின்ட் என்றால் லேசான சோப்பு நீரில் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் அந்த வேலையும் வேண்டாம்.

ஆள் இருக்கும் வலை எதிர்ப்பட்டால் முதலில் சிலந்தியை ஒதுங்க விடுங்கள். கம்பால் வலையின் ஓரத்தை மெல்லத் தட்டினால் பெரும்பாலும் அதுவே இடுக்குக்குள் போய்விடும். முட்டைப் பையை எடுப்பதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். படுக்கையறையில் நான் எடுத்துவிடுவேன், பரணில் விட்டுவிடுவேன்.

ஒட்டடையைக் காயத்தில் வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் இருப்பது முக்கால்வாசி தூசி.

பிடித்து வெளியே விட

1. வாயகன்ற கண்ணாடித் தம்ளரோ டப்பாவோ ஒன்று, மடங்காத அட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே தெரிகிற பாத்திரமாக இருந்தால் நல்லது.
2. சிலந்தியின் முன்னாலிருந்து மெதுவாக வாருங்கள். நிழல் திடீரென்று மேலே விழுந்தால் ஓடும்.
3. தம்ளரைக் கவிழ்த்து, எட்டுக் காலும் உள்ளே வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு சுவரோடு அழுத்துங்கள். பெரிய சிலந்திக்குப் பெரிய டப்பா. விளிம்பில் கால் நசுங்குவது இங்கேதான்.
4. அட்டையை ஒரு பக்கத்திலிருந்து மெல்லச் செருகுங்கள். சிலந்தியே கால் எடுத்து அட்டைமேல் ஏறிக்கொள்ளும்.
5. வெளியே கொண்டுபோய்த் தரையோடு சாய்த்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். உதற வேண்டாம்.

கூரை மூலையில் வாழும் நீள்காலர்களை வெயிலில் விடுவதில் அர்த்தமில்லை. மழை படாத கொட்டகை, மாடிப்படிக்கு அடி என்று ஏதாவது ஒதுக்குப்புறம் பாருங்கள்.

வரத்தைக் குறைக்க

வாசல் விளக்குதான் பெரிய குற்றவாளி. வெள்ளை ஒளிக்கு விட்டில் பூச்சிகள் வரும், அவற்றுக்காகச் சிலந்தி வரும், காலையில் கதவைத் திறந்ததும் உங்கள் முகத்தில் வலை. தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள். மாற்ற முடிந்தால் மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. போடுங்கள். விளக்கைக் கதவுக்கு நேர் மேலே வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும். கதவின் அடியில் ஒரு பட்டை, ஜன்னலுக்குக் கிழிசலில்லாத கம்பிவலை, சுவரோடு ஒட்டி அடுக்கிய அட்டைப் பெட்டிகளைக் களைவது, இவ்வளவுதான் வேலை.

பூச்சிமருந்து பற்றி என் கருத்து கறாரானது: சிலந்திக்காக அடிக்காதீர்கள். சிலந்தி விரல்நுனியில் நடப்பதைப் போல நடக்கும், வலைமேலேயே இருக்கும்; தரையில் தெளித்து வைத்த மருந்து அதன் உடம்பில் அதிகம் படாது. படுவது உங்கள் குழந்தைக்கும் பூனைக்கும். புதினா எண்ணெய், எலுமிச்சை எண்ணெய் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். வாசனை ஓரிரு நாளில் போய்விடும், பூனை உள்ள வீட்டில் புதினா எண்ணெயே நல்லதில்லை.

கடித்துவிட்டால்

முதலில், கடித்தது சிலந்திதானா? தமிழில் ஒருவகைக் கட்டிக்கே சிலந்தி என்று பெயர் வைத்துவிட்டோம். காலையில் எழுந்ததும் தோலில் ஏதாவது தெரிந்தால் பழி அதன் தலையில்தான். கழுத்திலோ கையிலோ சாட்டையால் அடித்தாற்போல் கோடாகச் சிவந்து, எரிந்து, கொப்புளம் கிளம்பினால் பெரும்பாலும் அது பீடரஸ் என்ற சின்ன வண்டின் வேலை. எறும்பு போல ஒல்லியாக, ஆரஞ்சும் கருப்புமாக இருக்கும், இரவு விளக்கைத் தேடி வரும். அது கடிப்பதில்லை. மேலே ஊரும்போது நாம் நசுக்கித் தேய்த்தால் அதன் உடல்நீர் தோலைப் புண்ணாக்கும், அதுவும் ஒருநாள் கழித்துத்தான் தெரியும். ஊதித் தள்ளிவிட்டு அந்த இடத்தைச் சோப்பால் கழுவுங்கள்.

உண்மையிலேயே சிலந்தி கடித்ததைப் பார்த்திருந்தால் சோப்பும் நீரும் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒத்தடம் கொடுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். புனல்வலைச் சிலந்தி உள்ள பகுதியில் மட்டும் முறை வேறு: கடிபட்ட கைகால் முழுவதையும் அகலத் துணியால் இறுக்கமாகச் சுற்றி அசையாமல் வைத்து உடனே ஆம்புலன்ஸ் அழைப்பார்கள். எங்கே இருந்தாலும் வலி பரவிக்கொண்டே போனால், வயிறு முறுக்கிப் பிடித்தால், வியர்த்துக் கொட்டினால், மூச்சுத் திணறினால், முகம் வீங்கினால், கடிவாய் கருக்க ஆரம்பித்தால், கடிபட்டது சின்னக் குழந்தை என்றால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவரிடம் போங்கள். முடிந்தால் சிலந்தியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நசுக்கி எடுத்துக்கொண்டு போனால் அடையாளம் தெரியாது.

தோட்டத்துப் பக்கம்

தோட்டத்தில் நான் ஏறக்குறைய எதையும் தொடுவதில்லை. உலகச் சிலந்திகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் வரை இரை தின்கின்றன என்று 2017-இல் ஒரு கணக்கு வெளியானது. அதில் என் செடிகளின் பூச்சியும் கொஞ்சம் இருக்கட்டும். சுவர் ஓரத்தில் மண்ணால் கட்டிய குளவிக் கூட்டை எப்போதாவது உடைக்க நேர்ந்தால் உள்ளே பாருங்கள். கொட்டி மயக்கிய சிலந்திகளை அடுக்கி வைத்திருக்கும், குளவிக் குஞ்சுக்குத் தீனியாக. சிலந்தியின் எண்ணிக்கையைக் குறைக்க நம்மைவிடக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிரச்சினை, நடைபாதைக்குக் குறுக்கே கட்டும் வட்ட வலை. காலையில் பாதி தூக்கத்தில் போய் முகத்தை நுழைத்தவருக்குத்தான் அந்தத் துக்கம் தெரியும். விடியற்காலையில் போகிறவர்கள் ஒரு குச்சியை முகத்துக்கு நேரே செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், பார்க்கிறவர் சிரித்தாலும். நிரந்தரமாக மாற்ற வேண்டுமென்றால் வலையின் நடுவில் அடிக்காதீர்கள். பாதையைக் கடந்து எதிர்ப்பக்கச் செடியில் கட்டியிருக்கும் மேல்நூலைத் தேடுங்கள், வலையின் மொத்தப் பாரமும் அதில்தான் தொங்குகிறது. அந்தப் பக்கத்து முனையை மட்டும் குச்சியால் அறுத்துவிட்டால் வலை திரை விழுவதைப் போல இந்தப் பக்கச் செடியோடு சாய்ந்துவிடும், சிலந்திக்கும் அடிபடாது. இந்த வகைகளில் பல, பழைய வலையைத் தாங்களே தின்றுவிட்டு அந்தப் புரதத்தைக் கொண்டே புது நூல் நூற்கும், அதனால் அதற்கு முழு நஷ்டம் இல்லை.

முதல் நாள் அறுத்தால் அன்றிரவே அதே இடத்தில் மறுபடி கட்டும். கோபப்படாமல் இரண்டாம் நாளும் அதே முனையை அறுங்கள். எங்கள் வீட்டு எலுமிச்சைச் செடிக்காரி மூன்றாம் இரவு விட்டுக்கொடுத்தாள். இப்போது செடிக்கும் மதில்சுவருக்கும் நடுவில் கட்டியிருக்கிறாள். நான் குழாயைத் திறக்கப் போகும்போது மட்டும் கொஞ்சம் குனிந்து போக வேண்டியிருக்கிறது.